ரங்கூன் வெயிலில் வயிற்றுப் பிள்ளையோடு

என் மகள் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது, 2024ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதத்தை ரங்கூன் நகரின் நடுப்பகுதியில், ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் ஐந்தாம் மாடியில் கழித்தேன். அந்த ஏப்ரலைப் பற்றி பர்மாவில் வாழ்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 28ஆம் தேதி மகுவே வட்டாரத்துச் சௌக் நகரில் 48.2 டிகிரி செல்சியஸ் பதிவானது. அளவெடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த நாடு ஏப்ரலில் கண்டிராத வெப்பம் அது. ரங்கூனில் 40 டிகிரியைத் தொட்டது. எண்ணைப் பார்த்தால் குறைவாகத் தோன்றும். ஆனால் ஆற்றோர ஈரம் கலந்த காற்றில் வியர்வை உலராமல் உடம்பிலேயே நிற்கும் என்பதால் எங்கள் 40 தனி வகை.

இப்போது மோல்மீனில் இருக்கும் என் தங்கைக்கு ஆறாம் மாதம். "அக்கா, எப்படிச் சமாளித்தாய்?" என்று போன வாரம் கேட்டாள். தொலைபேசியில் சொன்னவை போதவில்லை என்று தோன்றியதால், அவளுக்கும் அவளைப் போன்ற மற்றவர்களுக்குமாக இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் வீடுகளில் கருவுற்ற பெண் வெயிலைப் பற்றி வாய் திறந்தால், "நாங்களெல்லாம் மின்விசிறியே இல்லாமல் ஐந்து பெற்றோம், பொறுத்துக்கொள்" என்பார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனாலும் அது தவறான அறிவுரை. பொறுத்துக்கொள்ளும் திறமை மனத்துக்கு உண்டு, வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு இல்லை. கருவுற்ற உடம்பு வெளி வெயில் படும் முன்பே உள்ளிருந்து சூடாகிக்கொண்டிருக்கிறது. இரத்தத்தின் அளவு ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. உடம்பு எரிக்கும் ஆற்றல் கூடுகிறது. புரோஜெஸ்டிரோன் என்ற சுரப்பி நீர் உடல் வெப்பத்தைச் சற்றே உயர்த்துகிறது. குழந்தையோ தாயைவிட அரை டிகிரி அளவு கூடுதல் வெப்பத்தில் இருக்கிறது. குழந்தையால் வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாது, தன் சூட்டைத் தொப்புள்கொடி வழியே தாயின் இரத்தத்தில்தான் இறக்கி வைக்க வேண்டும். தாயின் உடம்பு குளிர்ந்தால்தான் பிள்ளைக்குக் குளிர்ச்சி. 27 நாடுகளில் நடந்த 70 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த கட்டுரை, வெப்பம் ஒரு டிகிரி கூடும்போது குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ 5 விழுக்காடும், வெப்ப அலை நாள்களில் 16 விழுக்காடும் கூடுவதாகச் சொல்கிறது. ஒரு தனிப் பெண்ணுக்கு இது பெரிய ஆபத்தல்ல, அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் "சும்மா புழுக்கம்தானே" என்று ஒதுக்கிவிடக்கூடிய விஷயமும் அல்ல.

இதை நான் அறிந்துகொண்டது ஒரு மயக்கத்துக்குப் பிறகுதான். மாதப் பரிசோதனைக்காக ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள், மின்சாரம் இல்லை, கருவுற்ற பெண்கள் இருபது பேருக்கு மேல் தகரக் கூரையின் கீழே வரிசையில் நிறுத்தப்பட்டிருந்தோம். உட்கார இடம் கேட்டவர்களுக்கு, எழுந்தால் முறை போய்விடும் என்று பதில் வந்தது. பன்னிரண்டு மணி அளவில் காது அடைத்தது, கண்ணில் பொட்டுப் பொட்டாகக் கறுத்தது, பிறகு எதுவும் தெரியவில்லை. விழித்தபோது வாசலில் வெற்றிலைக் கடை வைத்திருந்த பர்மியப் பெண்மணி ஒருவர் என்னை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து விசிறிக்கொண்டிருந்தார். தெருமுனை யேஓசினில் இருந்து தண்ணீர் கொண்டுவந்திருந்தார். வழிப்போக்கர்களுக்காக மண்பானையில் தண்ணீர் நிரப்பி, மேலே ஒரு குவளையைக் கவிழ்த்து வைக்கும் அந்தப் பந்தலை இந்நாட்டில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். நம் ஊர்த் தண்ணீர்ப்பந்தல்தான் அது. அந்தப் பெண்மணி செய்தவை அனைத்தும் சரியான முதலுதவி என்று பிறகு மருத்துவர் சொன்னார்.

மயக்கத்துக்குக் காரணம் எளியது. வெயிலில் தோலுக்கு அடியில் உள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. நின்றபடியே இருந்தால் இரத்தம் கால்களில் தேங்குகிறது. மூளைக்குப் போதுமான அளவு ஏறுவதில்லை. ஆகவே கருவுற்ற பெண்ணை வெயிலில் நிற்கவைப்பதுதான் நடக்கவைப்பதைவிட மோசம். வரிசையில் நிற்க நேர்ந்தால் குதிகாலை உயர்த்தித் தாழ்த்திக் கால்களை அசைத்துக்கொண்டிருக்க வேண்டும்; கண் இருளத் தொடங்கியதும், முறை போனாலும் பரவாயில்லை என்று தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். அதன்பின் நான் எந்தப் பரிசோதனைக்கும் தனியாகப் போகவில்லை. என் முறையைக் காக்க மாமியார் நிற்பார். நான் நிழலில் உட்கார்ந்திருப்பேன்.

இனி வீட்டைப் பற்றி. ரங்கூனின் பழைய மாடிக் கட்டடங்களில் குடியிருப்பவர்களுக்கு இரண்டு தொல்லைகள்: மேல்தளத்துக் காரைக்கூரை பகலெல்லாம் சூட்டை உறிஞ்சி இரவில் இறக்கும், மின்தூக்கி இருக்காது. அந்த ஏப்ரலில் மின்சாரம் முறை வைத்துத்தான் வந்தது. "மீ லாபீ!" என்று தெரு முழுவதும் குழந்தைகள் கூவினால் மின்சாரம் வந்துவிட்டது என்று பொருள், அந்தக் கூவலுக்காக நான் காத்திருந்த இரவுகள் பல. குளிர்சாதனம் இருந்தும் பயனில்லாத நிலையில் பகல் பொழுதை வீட்டுக்குள் எப்படி அமைத்துக்கொள்வது என்பதே கேள்வியாயிற்று. காலை எட்டு மணிக்குள் கிழக்குச் சன்னல்களை மூடித் திரையிட்டோம். மாலையில் வெளிக்காற்று வீட்டுக்குள் இருப்பதைவிடக் குளிர்ந்த பிறகே எல்லாவற்றையும் திறந்தோம். பகலெல்லாம் சன்னலைத் திறந்து வைத்தால் காற்று வரும் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் வருவது அனல். அடுப்பு வேலையைக் காலை ஏழுக்குள் முடித்துவிடச் சொன்னார் என் மாமியார், அதில் அவர் கண்டிப்பாகவே இருந்தார்.

விசிறியைப் பற்றி ஒரு விவரம் பலருக்குத் தெரியாது. காற்று 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் மின்விசிறி உடம்பைக் குளிர்விக்காது. சூடான காற்றை அள்ளி மேலே கொட்டி இன்னும் சூடேற்றும். அந்நேரத்தில் தோலை நனைப்பதே உதவி. மென்மையான பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, மணிக்கட்டையும் பாதங்களையும் ஈரமாக வைத்திருந்தால், மெல்லிய காற்றே போதும். சார்ஜ் செய்து வைக்கும் சிறிய விசிறி ஒன்று என்னிடம் இருந்தது. அது தீர்ந்ததும் மேல் பர்மாவிலிருந்து வரும் பனையோலை விசிறிதான். மாமியாரும் கணவரும் முறைபோட்டு விசிறினார்கள். இதைச் செய்ய என்னையே விட்டிருந்தால், விசிறும் கையே வியர்த்திருக்கும்.

மாடிப்படி ஏறுவதை நாளுக்கு ஒரு முறைக்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை. ரங்கூன்வாசிகளுக்குத் தெரியும், ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும்; நுனியில் ஒரு கவ்வியோ பையோ இருக்கும். செய்தித்தாளும் காய்கறியும் அதில்தான் ஏறும். என் கயிற்றில் கணவர் ஒரு சிறிய பிரம்புக்கூடையைக் கட்டினார். கீழே இளநீர்க்காரர் வந்தால் குரல் கொடுப்பார், கூடையில் பணம் இறங்கும், இளநீர் ஏறும். வயிறு கனத்த மூன்று மாதங்களில் என்னைப் பெரிதும் காப்பாற்றியது அந்தக் கயிறு என்றே சொல்வேன்.

மின்சாரம் இல்லை என்றால் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் ஐந்தாம் மாடிக்குத் தண்ணீர் வராது. ஓடினாலும் மொட்டைமாடித் தொட்டியில் நண்பகலுக்கு மேல் நிற்பது கொதிநீர். ஆகவே விடியற்காலையில் வரும் தண்ணீரைக் குளியலறையின் நிழலில் இரண்டு பீப்பாய்களில் பிடித்து வைத்து, பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு படுக்கும் முன்பும் அதிலிருந்து மொண்டு ஊற்றிக்கொண்டேன். மார்பு வரை கைலியைக் கட்டிக்கொண்டு, அதை நனைத்தபடியே சற்று நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தலைக்கு ஊற்றுவதைவிட நீண்ட நேரம் குளிர்ச்சி தரும். பனிக்கட்டி போட்ட நீரில் திடீரெனக் குளிப்பது வேண்டாம். தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி உள்சூடு வெளியேற முடியாமல் போகும், நடுக்கமும் வரும். இரவில் குளித்தால் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்ற பேச்சை நானும் கேட்டேன். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு அப்படிச் சளி பிடிக்க வழியே இல்லை. ஒன்றில் மட்டும் கவனம் தேவை: பீப்பாய்களை மூடாமல் விட்டால் டெங்குக் கொசு அதில்தான் முட்டையிடும். அக்கொசு பகலில் கடிப்பது. எனவே மூடியின் மேல் துணி கட்டி, வாரம் ஒரு முறை பீப்பாயின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினோம். வெயில் நாளில் காய்ச்சல் வந்தால் அதை வெயில் சூடு என்று தள்ளிவிடக்கூடாது. டெங்குவோ மலேரியாவோ என்று பார்த்துவிட வேண்டும். பாராசிட்டமால் தவிர வேறு காய்ச்சல் மாத்திரையைத் தானாக விழுங்கவும் கூடாது.

குடிநீரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் இதில்தான் தவறுகள் அதிகம். தாகம் வந்த பிறகு குடிப்பது தாமதம். கண்விழித்ததும் ஒரு குவளை, அதன்பின் மணிக்கு ஒரு குவளை என்று ஒரு நாளில் இரண்டரை, மூன்று லிட்டர் வரை குடித்தேன். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான நீர் இருக்கிறது. நிறம் அடர்ந்து நாற்றம் வீசினால் போதவில்லை. நீர் குறைந்தால் கருவுற்றவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும், இரும்புச்சத்து மாத்திரையால் ஏற்கெனவே இருக்கும் மலச்சிக்கல் இறுகும், வயிறு அடிக்கடி கல்லாக இறுகி வலிப்பதும் உண்டு. அப்படி இறுகும்போது இரண்டு குவளை தண்ணீர் குடித்து இடப்பக்கமாகப் படுத்தால் பெரும்பாலும் தளர்ந்துவிடும். தளராமல் ஒழுங்கான இடைவெளியில் தொடர்ந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அதிகம் வியர்த்த நாளில் வெறும் தண்ணீர் போதாது, உப்பும் வேண்டும். மருந்துக்கடை உப்புக் கரைசல் பொட்டலம் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம். அளவு முக்கியம், உப்பு கூடினால் கெடுதல். உப்புப் போட்ட மோரும் இதே வேலையைச் செய்யும். கர்ப்பகாலச் சர்க்கரை நோய் உள்ளவர்கள் கரும்புச் சாற்றையும் தெருவில் விற்கும் மொண்லெட்சௌங் என்ற இனிப்புப் பானத்தையும் மறந்துவிட வேண்டியதுதான். மற்றவர்களுக்கும் அவற்றில் போடும் பனிக்கட்டி எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று தெரியாது. இதை நான் வெறும் சுத்தத்துக்காகச் சொல்லவில்லை. அசுத்த நீரால் பரவும் ஹெபடைடிஸ் ஈ என்ற மஞ்சள்காமாலை மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானாகத் தீர்ந்துவிடும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருக்கும் பெண்ணுக்கோ அது உயிரையே பறிக்கக்கூடிய நோய். மண்பானைத் தண்ணீர் போதுமான அளவு குளிர்ந்தே இருக்கும். கொதிக்கவைத்து ஆறிய நீரைப் பானையில் ஊற்றி, ஈரத்துணி சுற்றி, காற்றுப் படும் இடத்தில் வைத்துக்கொண்டால் குளிர்பெட்டி இல்லாமலே காலம் தள்ளலாம்.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் எதுவும் செய்யவில்லை. ஒரே வேளையாக நிறையச் சாப்பிட்டால் செரிக்கும் சூடே தாங்காது என்பதால் ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்துக்கொண்டேன். நண்பகலில் சோறு இறங்காத நாள்களில் புளிச்சக்கீரைச் சாறும் தயிர்ச் சோறும் இறங்கின.

அடுத்த வீட்டு அன்ட்டிதான் எனக்குத் தனக்கா என்ற மரக்கட்டையை அரைத்துத் தந்தவர். தமிழ்ப் பெண்கள் பலர் தனக்காவை முகத்துக்கு மட்டுமே பூசுகிறோம். அவர் கழுத்து, முழங்கை மடிப்பு, மார்பின் அடிப்புறம், வயிற்றின் கீழ்மடிப்பு என்று வேர்க்குரு வரும் இடங்களிலெல்லாம் நீர்க்கப் பூசச் சொன்னார். கட்டையைக் கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்த அந்தக் குழம்பு உலரும்போது தோல் குளிர்வது கண்கூடாகத் தெரியும். டப்பாவில் விற்கும் வாசனைத் தூளைவிடக் கட்டையே நல்லது. பூசும் முன் தோலைக் கழுவித் துடைத்திருக்க வேண்டும். வியர்வையின் மேல் அப்பினால் துளைகள் அடைபடும். உடையில் பருத்திக் கைலியையும் தளர்ந்த சட்டையையும்விடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. கைலியை வயிற்றின் மேலே இறுக்காமல் கீழே தளரக் கட்டிக்கொள்ள வேண்டும்.

வளைகாப்பு அந்த மாதத்தில்தான் வந்தது. பட்டுப் புடவையும் இரு கை நிறையக் கண்ணாடி வளையலும் அணிந்து, நாற்பது பேர் கூடிய அறையில் நண்பகலில் உட்கார என்னால் முடியாது என்று மாமியாரிடம் சொன்னபோது அவர் முகம் வாடியது. "அத்தை, சடங்கு வேண்டாம் என்று சொல்லவில்லை, நேரத்தை மாற்றுங்கள் என்றுதான் கேட்கிறேன்" என்றேன். ஒரு நாள் யோசித்தார். பிறகு காலை ஆறரை மணிக்கு, பருத்திப் புடவையில், வளையலை ஓர் அளவு பெரிதாக வாங்கி நடத்தினார். ஓர் அளவு பெரிது என்பது அவருடைய யோசனைதான். வெயிலில் என் கைகளும் பாதங்களும் வீங்கத் தொடங்கியிருந்ததை அவர் கவனித்திருக்கிறார். மோதிரத்தை அதற்கு முன்பே சோப்பு நுரை போட்டுக் கழற்றியிருந்தேன். மாலையில் பாதம் வீங்குவது பெரும்பாலும் இயல்பு. பாதங்களைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தால் விடிவதற்குள் வடிந்துவிடும். வீங்குகிறதே என்று தண்ணீரைக் குறைப்பது தவறு. ஆனால் முகமும் கைகளும் திடீரென்று வீங்கி, விடாத தலைவலியும் பார்வை மங்கலும் மேல்வயிற்று வலியும் சேர்ந்தால் அது வெயிலின் வேலையல்ல, இரத்தக் கொதிப்பின் அறிகுறி. அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அதே போல, தலை சுற்றலோடு வாந்தி, குழப்பமான பேச்சு, உடம்பு அனலாகக் கொதிப்பது, குழந்தையின் அசைவு குறைவது, நீரோ இரத்தமோ கசிவது ஆகியவற்றில் எது வந்தாலும் ஈரத்துணியால் உடம்பை நனைத்தபடியே உடனே கிளம்ப வேண்டும். மாலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

நம் சித்திரைப் பிறப்பும் பர்மியரின் தண்ணீர்த் திருவிழாவான திங்யானும் ஒரே வாரத்தில் வருவது எல்லோருக்கும் மகிழ்ச்சி. கருவுற்றவர் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பது பர்மியரிடையே உள்ள மரியாதை. என் தெருவுப் பிள்ளைகள் அதைத் தவறாமல் கடைப்பிடித்தார்கள். பெருஞ்சாலை மேடைகளில் குழாயால் பீய்ச்சும் இடங்களில் கூட்டத்தில் வயிறு தெரியாது, தரையும் வழுக்கும் என்பதால் அந்தப் பக்கம் நான் போகவில்லை. பால்கனியில் உட்கார்ந்து, அன்ட்டி கொடுத்த திங்யான் சோற்றைச் சாப்பிட்டபடி பார்த்தேன். மெழுகுவத்திப் புகையும் மல்லிகையும் மணக்கும் நீரில் ஊறிய அந்தச் சோறும் மாங்காயும் எங்கள் நீராகாரத்துக்கு உறவுக்காரர்கள்தான் என்று எனக்குப் பட்டது.

இரவுதான் கடினம். கடைசி மாதங்களில் மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்தும். பக்கவாட்டில், கூடுமானால் இடப்பக்கமாக, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்துப் படுப்பது நல்லது. நுரை மெத்தை சூட்டைப் பிடித்துக்கொள்கிறது என்று நான் தரையில் பாயை விரித்து, அதன் மேல் மெல்லிய பருத்தி விரிப்பைப் போட்டுக்கொண்டேன். கொசுவலையை எடுத்துவிடலாமா என்ற ஆசை ஒவ்வொரு இரவும் வரும். எடுக்கவில்லை. அகன்ற கண்ணி உள்ள வலையை வாங்கி, தலைமாட்டில் ஈரத்துணியைத் தொங்கவிட்டோம். தூக்கம் கெட்ட இரவுக்குப் பகலில் ஈடு செய்தேன். நண்பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வீட்டில் யாரும் என்னிடம் வேலை சொல்லவில்லை.

வீடே இல்லாதவர்களுக்கு இவை எதுவும் பொருந்தாது என்பது எனக்குத் தெரியும். 2025 மார்ச் 28இல் நிலநடுக்கம் வந்தபின் மாந்தலேயில் என் உறவுப் பெண் ஒருத்தி, எட்டு மாத வயிற்றோடு, தெருவோரத்தில் தார்ப்பாயின் கீழ் பல நாள்கள் தங்கினாள். தார்ப்பாய் நேராகத் தலைமேல் இருந்தால் அடுப்பைப் போலக் காயும். அவளுடைய அண்ணன்கள் அதை உயர்த்திக் கட்டி, நான்கு பக்கமும் திறந்து விட்டு, மேலே ஓலையும் ஈரச்சாக்கும் போட்டார்கள். பகலில் மரத்தடிக்கு இடம் மாற்றினார்கள். குழந்தை நலமாகப் பிறந்தது.

தங்கைக்கு நேற்று மோல்மீன் பேருந்தில் ஒரு பொட்டலம் அனுப்பினேன்: பத்து உப்புக் கரைசல் பொட்டலங்கள், இரண்டு பனையோலை விசிறிகள், என் பழைய பருத்திக் கைலி மூன்று. அன்ட்டி ஒரு தனக்காக் கட்டையைத் தந்து அதோடு வைக்கச் சொன்னார். அவள் கணவருக்குத் தனியாக ஒரு தாளில் உப்பும் சர்க்கரையும் எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறேன். அவர்கள் இருப்பது மூன்றாம் மாடி. கயிறும் கூடையும் அங்கேயே வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.